குடியை விட்டவர் ஊர் திரும்புகிறார்: தெருவில் இருக்கிறவர்கள் என்னென்ன செய்யலாம்

மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறவருக்கு உள்ளே இருந்தவரை சரக்கு கைக்கு எட்டாது, அதனால் அங்கே குடிக்காமல் இருந்தது பாதி வேலைதான். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அதே டாஸ்மாக், அதே கூட்டாளிகள், அதே மேஸ்திரி. வெளியே வந்த முதல் சில மாதங்களில்தான் நிறையப் பேர் மறுபடி விழுகிறார்கள், அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கப் போவது டாக்டர் இல்லை, நாம்தான். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் சென்னை டி.டி.கே. மருத்துவமனை 1989 முதல் முகாம் போட்டு, ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, கிராமத்திலேயே குடிநோய்க்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறது. ஊர் கூட நின்றால் இது நடக்கும் என்பதற்கு அந்த முகாம்களே சாட்சி.

முதலில், இன்னும் சிகிச்சைக்கே போகாதவர் பற்றி. தினமும் குடிக்கிறவரை "இன்னிக்கோட விட்டுடு" என்று சத்தியம் வாங்கி வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். பல வருடமாகக் காலையிலிருந்தே குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போய்விடும், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்து இல்லாத ஆளோடு பேசுவது, பூச்சி ஊர்கிறது என்று உதறுவது எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. "பேய் பிடிச்சிருக்கு" என்று கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், போக வேண்டியது ஆஸ்பத்திரி. கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டு அன்றே நிறுத்துகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. விரதம் நல்ல வாய்ப்புதான், அதை விட வேண்டாம், ஆனால் மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்னாடியே மனநல மருத்துவரைப் பார்த்து, மருந்தோடு படிப்படியாக நிறுத்திவிட்டு மாலை போடச் சொல்லுங்கள். மாலையைக் கழற்றும் நாளுக்கும் இப்போதே ஒரு ஏற்பாடு வேண்டும், பல பேர் அன்று சாயங்காலமே கடைக்குப் போய்விடுகிறார்கள்.

எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, பணம் கேட்க மாட்டார்கள். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள், தனியாக அனுப்பாமல் கூடவே போங்கள். டாக்டர் அளவு கேட்கும்போது வீட்டுக்காரர்கள் வெட்கப்பட்டு "எப்பவாவது ஒரு கட்டிங்" என்பார்கள். மூன்று குவார்ட்டர் என்றால் மூன்று என்றே சொல்லுங்கள், நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் எவ்வளவு மருந்து என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். எங்கே போவது என்றே புரியவில்லை என்றால் போதை விஷயத்துக்கு 14446, மனநலத்துக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.

தனியார் மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், வீட்டு ஆட்கள் நேரில் பார்க்கலாமா என்று கேளுங்கள். "ஒரு மாசத்துக்குப் பார்க்கவே கூடாது", "அடிச்சாத்தான் திருந்துவான்" என்று பேசுகிற இடத்தில் கால் வைக்காதீர்கள், சங்கிலி போடுவதை 2017 மனநலச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது.

"அவருக்கே தெரியாமல் குழம்பில் கலக்கலாம்" என்று விளம்பரம் வரும் பொடி, மாத்திரை பக்கம் போகவே வேண்டாம். குடித்தால் ஒத்துக்கொள்ளாத மாத்திரை ஒன்று இருப்பது உண்மை, டை சல்ஃபிரம் என்று பெயர், அதை நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு டாக்டர்தான் கொடுப்பார். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போலக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடலாம்.

சரி, அவர் வீடு திரும்பப் போகிறார். அதற்கு முன்பே நாலைந்து பேர் உட்கார்ந்து பேசுங்கள், அவரிடமும் கேட்டுக்கொண்டு. ஊரே கூடி அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் மனுஷன் ஓடிவிடுவார். நாலு பேர் போதும், யாருக்கு எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கஷ்டமான நேரம் சாயங்காலம், அதிலும் கொத்தனார், பெயின்டர், லோடு வேலைக்காரர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம். வாரக்கூலி கையில், வயிறு காலி, உடம்பெல்லாம் வலி, கடை திறந்திருக்கிறது. குடியை விட்டவரும் சம்மதித்தால், மேஸ்திரியிடம் யாராவது ஒருவர் பேசி, கூலியைக் காலையிலோ வங்கிக் கணக்கிலோ போடச் சொல்லலாம். இன்னொருவர் அஞ்சரை மணிக்கே வேலை நடக்கும் இடத்துக்குப் போய், "அண்ணே, வாங்க டீ குடிப்போம்" என்று கூப்பிட்டு, சூடாக ரெண்டு போண்டா வாங்கிக் கொடுத்து, டாஸ்மாக் இல்லாத தெரு வழியாக வீடுவரை நடந்து வர வேண்டும். பசி அடங்கினாலே ஆசை கொஞ்சம் தணியும். வழியில் குடியைப் பற்றிப் பேசாதீர்கள், வேலை, பிள்ளை படிப்பு, மழை என்று எதையாவது பேசுங்கள். வாயை மோந்து பார்ப்பது, "இன்னும் விட்டபடியேதான் இருக்கியா?" என்று நாலு பேர் நடுவில் கேட்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கிடா வெட்டு, காதுகுத்து, சாவு வீடு எல்லா இடத்திலும் இப்போது சரக்கு ஓடுகிறது. அவரை ஒதுக்காதீர்கள், கூடப் போங்கள், சாப்பிட்டதும் ஒன்றாகக் கிளம்பிவிடுங்கள். "ஒண்ணே ஒண்ணு மாப்ள" என்று ஊற்றிக் கொடுக்கிற சொந்தக்காரரை முன்கூட்டியே தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுவது உங்கள் வேலை, அந்தச் சண்டையை அவர் தலையில் கட்டாதீர்கள்.

குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து தொடங்கியது, காசு கிடையாது, உள்ளே பேசியது வெளியே போகாது. குடிக்காத நாம் அதை நடத்த முடியாது, ஆனால் பள்ளிக்கூட அறை, சர்ச் ஹால், படிப்பகம் என்று ஓர் இடத்தின் சாவியை வாரம் ஒரு மணி நேரத்துக்கு வாங்கிக் கொடுக்கலாம். குடும்பத்தாருக்கு அல்‑அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. வீட்டுக்கார அம்மா வருடக்கணக்காகத் தூங்கியிருக்க மாட்டார், அவரிடம் பேச ஓர் அக்காவாவது தயாராக இருக்கட்டும். கணவர் மறுபடி குடித்துவிட்டு அடித்தால் முதலில் அந்த அம்மாவும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்க வேண்டும், பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

பல பேருக்குக் குடிக்கு அடியில் மனச்சோர்வோ, பயமோ, காதில் குரல் கேட்பதோ இருக்கிறது, குடி நின்றதும் அது வெளியே தெரியும். "குடியைத்தான் விட்டாச்சே, மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்த வைக்கிறவர்கள் நம்மில்தான் இருக்கிறோம். நேர்ச்சை, மந்திரிப்பு எல்லாம் அவரவர் நம்பிக்கை, அதோடு மாத்திரையும் தொடரட்டும், ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருத்துவமும் கொடுக்கிற திட்டம் இருக்கிறது. ஆள் ரொம்ப ஒடுங்கிப்போனால், "சாகணும்னு தோணுதாண்ணே?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்யும் ஸ்நேகா அமைப்பினர் பூச்சிமருந்தை ஊருக்குப் பொதுவான இடத்தில் பூட்டி வைக்க ஏற்பாடு செய்தார்கள், நம் ஊரிலும் செய்யலாம். யாராவது முயன்றுவிட்டால் போலீஸ் கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள், முயன்றவரைத் தண்டிக்கும் பழைய நிலையை 2017 மனநலச் சட்டமே மாற்றிவிட்டது.

வலி மாத்திரையை ஊசியில் போட்டுக்கொண்ட பையன் திரும்பி வந்தால் அவன் வீட்டாரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இடைவெளி விட்ட உடம்புக்குப் பழைய அளவு தாங்காது, ஒரு தடவை போட்டாலே மூச்சு நின்றுபோகலாம். மயங்கிக் கிடந்தால் தூங்குகிறான் என்று விடாமல் 108-க்கு அடியுங்கள்.

அப்புறம், அவர் ஒருநாள் குடித்துவிட்டு வரத்தான் செய்வார், எல்லோரும் இல்லை, நிறையப் பேர். அன்று ராத்திரி பேசிப் பயனில்லை. மறுநாள் காலையில் போய், "நேத்து நடந்தது நடந்துபோச்சு, இன்னிக்கே டாக்டரைப் பார்த்துட்டு வந்துடுவோம்ண்ணே" என்று சொல்லி வண்டியில் ஏற்றுங்கள். கடன் கேட்டால் காசாகக் கொடுக்காதீர்கள், அரிசியோ பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ நேராகக் கட்டிவிடலாம். அடுத்த சனிக்கிழமை அஞ்சரைக்குப் போகிறவர் வழக்கம்போலப் போகட்டும்.