இசைக் கப்பலில் சூட் அறை எடுப்பதற்கு முன்

இசை விழாவுக்காக ஒரு கப்பல் முழுவதும் வாடகைக்கு எடுக்கப்படும்போது, அதன் வழக்கமான சலுகைப் பட்டியல் அப்படியே பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. நார்வீஜியன் என்ற சொகுசுக் கப்பல் நிறுவனத்தின் துணை அமைப்பான சிக்ஸ்த்மேன், இத்தகைய பயணங்களுக்கு அடிக்கடி பயன்படுத்தும் நார்வீஜியன் பேர்ல் கப்பலையே எடுத்துக்கொள்வோம்.

முதலில், நீங்கள் பதிவு செய்யவிருக்கும் சூட் (பெரிய சொகுசு அறை), 'ஹேவன்' எனப்படும் தனிப்பட்ட சூட் பகுதிக்குள் அடங்குகிறதா என்பதைக் கேட்டறியுங்கள். அறைச் சாவி அட்டையைக் காட்டித்தான் நுழைய முடியும் என்பதால், அங்குள்ள தனி நீச்சல் குளமும் வெந்நீர்த் தொட்டியும், மேல்தளத்தில் கச்சேரி நடந்து கூட்டம் நெரியும் வேளையிலும் ஓரளவு அமைதியாகவே இருக்கும்; என்னைக் கேட்டால், கூடுதல் கட்டணத்துக்கு உண்மையான பலன் இதுதான். பட்லர் (தனி உதவியாளர்) சேவையும் முன்னுரிமையுடன் கப்பலேறுவதும் வசதியானவையே, ஆனால் அவற்றுக்காக மட்டும் இவ்வளவு செலவிடத் தேவையில்லை.

அடுத்து, அரங்கில் முன்வரிசை இருக்கை சூட்டுடன் சேர்ந்து வருகிறதா, மதுபானத் தொகுப்பு உண்டா, கப்பல் நிறுவனம் தொடர் வாடிக்கையாளர்களுக்குத் தரும் விசுவாசப் புள்ளிகள் இந்தப் பயணத்துக்குக் கிடைக்குமா என்ற மூன்றையும் கப்பல் நிறுவனத்திடம் அல்லாமல் விழா ஏற்பாட்டாளரிடமே எழுத்துமூலம் கேளுங்கள், ஏனெனில் விதிகளை வகுப்பவர் பெரும்பாலும் அவரே. இரவு வெகுநேரம் ஒலி கேட்கும் என்பதால், தளவரைபடத்தில் உங்கள் அறை நீச்சல் குள மேடைக்கு நேர் கீழே அமையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.