கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறீர்களா? திரும்பி வரும் ரிக்கற்றிலிருந்து தொடங்குங்கள்

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் என்று தூர இடங்களிலிருந்து முதல் தடவையாகக் கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்கு வெளிக்கிடுபவர்களுக்காக இந்த விளக்கம். 1999இல் தொடங்கிய இந்தக் கண்காட்சியை நடத்துவது இலங்கைப் புத்தக வெளியீட்டாளர் சங்கம். இடம், கொழும்பு 7இல் உள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம். இவ்வளவு நீளமான பெயரைக் கொழும்பில் யாரும் சொல்வதில்லை. பஸ் நடத்துநரிடமும் ஓட்டோச் சாரதியிடமும் 'பி.எம்.ஐ.சி.எச்.' என்றாலே போதும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் திட்டம் போடுகிறார்கள். வெள்ளி இரவு பஸ் ஏறுவது, சனியும் ஞாயிறும் கண்காட்சி பார்ப்பது, ஞாயிறு இரவு திரும்புவது. லீவு எடுக்கத் தேவையில்லை என்பதால் அது வசதியாகத் தெரியும். சிக்கல் ஞாயிறு இரவில்தான் தொடங்கும். போகும்போது தோளில் வெறும் பை, வரும்போது கையில் பத்துப் பதினைந்து கிலோ புத்தகம். வார இறுதிக்கு வந்த எல்லோரும் அதே இரவில் திரும்புவார்கள். ஆசனம் இல்லை, பெட்டி வைக்க இடமில்லை, ஓட்டோவும் கிடைக்காது. அதனால் திரும்பும் பயணத்தை முதலில் உறுதி செய்துவிட்டு மற்றவற்றை அதற்கேற்ப அமையுங்கள்.

படி 1: திகதியை உறுதி செய்யுங்கள்

அண்மைய ஆண்டுகளில் கண்காட்சி செப்டெம்பர் கடைசியில் தொடங்கி ஒக்ரோபர் முதல் வாரம்வரை, ஏறத்தாழப் பத்து நாள் நடக்கிறது. போன வருடத் திகதியை வைத்துக்கொண்டு ஆசனம் பதியாதீர்கள். சங்கம் திகதியை அறிவித்த பிறகு நாட்காட்டியை எடுத்து மூன்று விடயங்களைக் குறியுங்கள்: இடையில் வரும் இரண்டு வார இறுதிகள், போயா தினம், உங்கள் பிள்ளைகளின் தவணைப் பரீட்சை. போயா அரச விடுமுறை என்பதால் அன்றும் ஞாயிற்றுக்கிழமை அளவுக்குச் சனம் வரும்.

படி 2: செவ்வாய், புதன், வியாழன்

இந்த மூன்று நாட்களுக்குள் இரண்டைத் தெரிவு செய்யுங்கள். லீவு எடுக்க நேர்ந்தாலும் அது வீண் போகாது. வார நாட்களிலும் காலையில் பாடசாலைப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் கிளம்பிவிடுவார்கள். கந்தோர் முடிந்து வருபவர்கள் ஐந்து மணிக்குப் பிறகுதான் உள்ளே நுழைவார்கள். இடைப்பட்ட இரண்டரை மணிநேரத்தில்தான் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, நின்று, இரண்டு பக்கம் வாசித்துப் பார்க்க முடியும்.

முதல் நாள் போக வேண்டாம். சில கடைகளில் அப்போதும் பெட்டி பிரித்துக்கொண்டிருப்பார்கள். கடைசி நாளில் சிலர் கழிவைக் கூட்டிக் கொடுப்பதுண்டு. ஆனால் நீங்கள் தேடிவந்த புத்தகம் அதற்குள் முடிந்திருக்கலாம். கழிவா, விரும்பிய புத்தகமா என்றால் புத்தகத்தின் பக்கமே நில்லுங்கள்.

படி 3: திரும்பும் ரிக்கற், பிறகு போகும் ரிக்கற்

ரயில் ஆசன முன்பதிவு பயண நாளுக்கு 30 நாள் முன்பாகத் திறக்கும். வடக்குப் பாதையில் நல்ல ஆசனங்கள் திறந்த அன்றே போய்விடுவதுண்டு. பதியும்போது கொடுத்த தேசிய அடையாள அட்டையையே பயணத்தின்போதும் கையில் வைத்திருங்கள். தம்பியின் இலக்கத்தில் பதிந்துவிட்டு அண்ணன் ஏறினால் பரிசோதகரிடம் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

பதிவதற்கு முன் பாதையில் வேலை நடக்கிறதா என்று ஸ்டேஷனில் கேளுங்கள். 2024இல் மாஹோ–அநுராதபுரம் தண்டவாளத் திருத்தத்துக்காக வடக்கு ரயில்கள் பல மாதம் தடைப்பட்டிருந்தன. ரயிலை மட்டும் நம்பாமல் ஒரு பஸ் கம்பனியின் தொலைபேசி இலக்கத்தையும் குறித்து வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், ஓர் இரவுப் பயணம். ஆசனம் பதியும்போது இந்த நான்கையும் கேளுங்கள்: பஸ் வெள்ளவத்தைவரை போகுமா, திரும்பும்போது எந்த இடத்தில் ஏற்றுவார்கள், டிக்கியில் ஒரு பெட்டி போடலாமா, அதற்குத் தனியாகக் காசு எடுப்பார்களா. மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருக்க வேண்டியதுதான்.

படி 4: அறையை 154ஆம் இலக்க பஸ் பாதையில் தேடுங்கள்

கோட்டையிலோ புறக்கோட்டையிலோ தங்கினால் ரயிலுக்குக் கிட்ட என்று தோன்றும். ஆனால் கண்காட்சிக்குப் போய்வர அது சுற்று. வெள்ளவத்தை அல்லது பம்பலப்பிட்டியில் தங்குங்கள். அங்குலானைக்கும் கிரிபத்கொடைக்கும் இடையில் ஓடும் 154ஆம் இலக்க பஸ் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வழியாகக் காலி வீதியில் வந்து, பௌத்தாலோக மாவத்தையில் திரும்பி, தும்முல்லைச் சந்தியைத் தாண்டி, மண்டபத்தின் வாசலுக்கே கொண்டுபோகும். வெள்ளவத்தையிலிருந்து தூரம் ஐந்து கிலோமீற்றர் அளவுதான். தமிழில் கதைத்து அலுவல் பார்க்கலாம், காலையில் இடியப்பமும் சொதியும் கிடைக்கும், தேவையென்றால் தமிழ்ப் புத்தகக் கடையும் பக்கத்தில் இருக்கும்.

நாள் வாடகைக்கு வீடு தரும் தொடர்மாடிகள் வெள்ளவத்தையில் நிறைய உண்டு. இரண்டு குடும்பம் சேர்ந்து வந்தால் லொட்ஜ் அறையைவிட அது லாபம். பதியும்போது லிப்ட் வேலை செய்கிறதா என்று கேளுங்கள், ஏனென்றால் புத்தகப் பெட்டியோடு நான்கு மாடி ஏற முடியாது. விடிய ஐந்து மணிக்கு பஸ்ஸால் இறங்கினால் அப்போதே திறந்துவிடுவார்களா, இல்லையென்றால் பையை வைத்துவிட்டு முகம் கழுவ இடம் தருவார்களா என்பதையும் கேட்டு வையுங்கள். கடைசி நாள் அறையை ஒப்படைத்த பிறகு இரவு பஸ்வரை பெட்டியை வைத்திருப்பார்களா என்பது இன்னும் முக்கியம். மறுப்பவர்களிடம் அறை எடுக்காதீர்கள்.

படி 5: வீட்டிலிருந்தே பட்டியல்

ஒரு கொப்பித் தாளில் மூன்று நிரல் போடுங்கள்: புத்தகம், ஆசிரியர், பதிப்பகம். பதிப்பக நிரல் இல்லாத பட்டியல் கண்காட்சியில் உதவாது. அங்கே கடைகள் பதிப்பகப்படியும் விற்பனையாளர்படியும்தான் இருக்கும். 'அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகம்' என்று கேட்டால் யாராலும் எடுத்துத்தர முடியாது.

இந்தியாவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களுக்கு ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின் அட்டையில் இந்திய விலை இருக்கும். விற்பனையாளர் அதை ஓர் எண்ணால் பெருக்கி இலங்கை விலை போடுவார். 250 என்று அச்சிட்ட புத்தகத்துக்கு 1,250 கேட்டால் பெருக்கெண் 5. இன்னொரு கடையில் அதே புத்தகம் 1,125 என்றால் அங்கே 4.5. ஒரு கடையில் ஒரு புத்தகத்துக்கு இதைக் கண்டுபிடித்தால் போதும், பெரும்பாலும் அந்தக் கடை முழுவதற்கும் அதுவே பொருந்தும். கழிவு எத்தனை வீதம் என்று கேட்பதற்கு முன் பெருக்கெண்ணைப் பாருங்கள். 5ஆல் பெருக்கி 10 வீதம் குறைத்தாலும், 4.5ஆல் பெருக்கிக் கழிவே தராவிட்டாலும் விலை ஒன்றுதான்.

படி 6: மண்டபத்தில்

பஸ்ஸில் வருபவர்களுக்கு அடையாளம், வாசலுக்கு எதிரே உயர்ந்து நிற்கும் அவுகன புத்தர் சிலையின் பிரதி. சிலை தெரிந்ததும் இறங்கத் தயாராகுங்கள். நுழைவுச்சீட்டுக்குச் சில்லறை வைத்திருங்கள். பெரிய கடைகளில் வங்கி அட்டை எடுப்பார்கள். சிறிய தமிழ்ப் பதிப்பகங்களுக்குக் காசாகக் கொடுப்பதே வசதி. அந்தக் காசை வெள்ளவத்தையிலேயே எடுத்துவிடுங்கள்.

கண்காட்சியில் பெரும்பகுதி சிங்களப் புத்தகம், அடுத்தது ஆங்கிலம். தமிழ்க் கடைகள் எண்ணிக்கையில் குறைவு, அவையும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. முதல் ஒரு மணிநேரம் எதையும் வாங்காமல் எல்லா மண்டபத்தையும் நடந்து பார்த்து, தமிழ்க் கடைகளின் இலக்கங்களைப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதுங்கள். இது நேர விரயமில்லை. முதல் கடையிலேயே கை நிரம்ப வாங்கியவருக்கு மூன்றாவது மண்டபத்துக்குப் போகக் காலும் இருக்காது, காசும் இருக்காது. இரண்டாம் நாள் வாங்கினால் இன்னும் நல்லது. இரவு அறையில் பட்டியலைப் பார்த்து ஆறுதலாக முடிவெடுக்கலாம்.

பாடசாலை நூலகத்துக்கு வாங்கும் ஆசிரியர்கள் அதிபரின் கடிதத்தைக் கொண்டுவாருங்கள். பற்றுச்சீட்டில் பாடசாலையின் பெயர், திகதி, ஒவ்வொரு புத்தகத்தின் தலைப்பு, கழிவு, மொத்தத் தொகை, கடையின் முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். 'புத்தகங்கள்' என்று ஒரே வரியில் எழுதிய பற்றுச்சீட்டு கணக்காய்வில் திரும்பிவரும். அதைக் கடையை விட்டு வெளியேறும் முன்பே பார்த்துத் திருத்த வேண்டும், ஊருக்குப் போன பிறகு முடியாது.

ஊரில் கடை வைத்திருப்பவர்களும், தங்கள் நூலை விற்பனைக்குக் கொடுக்க வரும் எழுத்தாளர்களும் வார நாளில் கடை திறக்கும் வேளையில் போங்கள். சனிக்கிழமை பின்னேரம் எந்தப் பதிப்பாளருக்கும் கதைக்க நேரமிருக்காது. நூலில் இரண்டு பிரதி, விலையும் நீங்கள் தரக்கூடிய விற்பனைக் கழிவும் எழுதிய ஒரு தாள், இவை கையில் இருந்தால் பத்து நிமிடத்தில் விடயம் முடியும்.

படி 7: வெளியே வருவது

வழக்கமாக இரவு 9 மணிவரை திறந்திருக்கும். ஆனால் மூடும்வரை நிற்காதீர்கள். எல்லோரும் ஒன்றாக வெளியேறும் நேரத்தில் பிக்மீ, ஊபர் செயலிகளில் வாகனம் கிடைப்பது பெரும்பாடு, கிடைத்தாலும் நெரிசலைத் தாண்டி வாசலுக்கு வர அதற்கு நேரமெடுக்கும். ஏழு மணிக்கு வெளியே வந்து, தும்முல்லைப் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்து, அங்கிருந்து ஓட்டோவைக் கூப்பிடுங்கள். வெள்ளவத்தைக்கு அதுதான் வழி, நெரிசலும் பின்னால் விடுபட்டிருக்கும்.

படி 8: பெட்டி கட்டுவது

போட்டோகொப்பிக் கடையில் கேட்டு, ஏ4 தாள் ஐந்து றீம் வரும் வெற்றுப் பெட்டி ஒன்று வாங்குங்கள். 80 கிராம் தாள் ஐந்து றீம் பன்னிரண்டரை கிலோ, அந்தப் பாரத்தைத் தாங்கச் செய்த பெட்டி அது. வழமையான அளவில் 200 பக்கத் தமிழ் நாவல் ஒன்று 230 கிராம் அளவு நிறுக்கும். இரண்டு அடுக்காகப் படுக்க வைத்தால் ஏறத்தாழ நாற்பது நாவல் கொள்ளும், பாரம் பத்துக் கிலோவுக்குள் அடங்கும். அதற்கு மேல் ஒருவர் தூக்குவது கடினம், இரண்டாவது பெட்டி போடுங்கள்.

புத்தகங்களை நட்டமாக நிறுத்தாதீர்கள். பஸ் குலுங்கும்போது பாரம் முழுவதும் முதுகுப் பக்கத்தில் இறங்கி, ஒட்டிய பசை விட்டுவிடும். ஒவ்வொரு அடுக்கிலும் புத்தகத்துக்குப் புத்தகம் முதுகுப் பக்கத்தை மாற்றி மாற்றி வையுங்கள். எல்லா முதுகும் ஒரே பக்கம் இருந்தால் அடுக்கு சரிந்து அட்டை மடியும். ஒக்ரோபரை நெருங்கும்போது பின்னேரங்களில் இடியுடன் மழை வரும், டிக்கிக்குள்ளும் தண்ணீர் கசியும். பெட்டிக்கு வெளியே பொலித்தீன் சுற்றினால் டிக்கியில் இழுபட்டுக் கிழிந்துவிடும். உள்ளே ஒரு பெரிய பொலித்தீன் பையை விரித்து, அதற்குள் அடுக்கி, வாயை மடித்து ஒட்டுங்கள். அடிப்பக்க இணைப்பில் அகலமான ரேப்பை இரண்டு தடவை ஓட்டி, நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, பெயரையும் இறங்கும் இடத்தையும் இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். தொலைபேசி இலக்கத்தை உள்ளே ஒரு துண்டிலும் போடுங்கள்.

நேர அட்டவணை ஒன்று

செவ்வாய் இரவு பஸ். புதன் விடிய வெள்ளவத்தை, குளித்து மத்தியானம்வரை தூக்கம், இரண்டு மணிக்குக் கண்காட்சி, மண்டபங்களைச் சுற்றுவது, ஏழு மணிக்கு வெளியே. வியாழன் காலை பத்து மணிக்கு மறுபடி, பட்டியல்படி வாங்குவது, மூன்று மணிக்கு அறைக்கு. நான்கிலிருந்து ஐந்துவரை பெட்டி கட்டுவது. இரவு பஸ் வருவதற்கு முக்கால் மணிநேரம் முன்பே ஏறுமிடத்தில் நில்லுங்கள். டிக்கியில் முதலில் போடும் பெட்டிக்குத்தான் தட்டையான இடம் கிடைக்கும்.