கோரி மீனின் துடுப்பு பிய்கிறதா? முதலில் தொட்டியின் அடியைப் பாருங்கள்

மீசையை ஆட்டிக்கொண்டு தொட்டியின் அடியில் மணலைக் கிளறித் திரியும் குட்டிக் கெளுத்திதான் கோரிடோராஸ், சுருக்கமாகக் கோரி. தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தது. இதற்குச் செதில் கிடையாது. இரு பக்கமும் ஓடு வேய்ந்ததுபோல் எலும்புத் தகடுகள். ஆனால் அந்தக் கவசம் உடம்புக்குத்தான், துடுப்புக்கு இல்லை. துடுப்பின் ஓரம் வெளுத்துப் பிய்ந்ததைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், கடைக்கு ஓடி ஒரு புட்டி மருந்து வாங்கி ஊற்றியது. மீன் தேறவில்லை. கோளாறு மணலுக்குள் கிடந்தது.

படி 1: அடியைக் கிளறுங்கள்

சோப்பு வாசம் துளியும் இல்லாத கையை உள்ளே விட்டு, ஒரு மூலையில் மணலைக் கிளறிப் பாருங்கள். பழுப்பாகப் புகை மாதிரி கிளம்பினால் அது மிச்சத் தீனியும் கழிவும். கோரி நாள் முழுக்க அதன்மேல்தான் கிடக்கிறது. துடுப்பழுகலை உண்டாக்கும் பாக்டீரியா பெருகுவதும் அங்கேதான். மீசை தேய்ந்து குட்டையாகியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சைஃபன் குழாயால் வாரம் ஒருமுறை அடியை உறிஞ்சி எடுங்கள். கூர்மையான கூழாங்கல் இருந்தால் மாற்றிவிட்டு, சலித்துக் கழுவிய மெல்லிய ஆற்று மணலை 3 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். எம்-சாண்ட் வேண்டாம், அதன் முனைகள் கூர்மையானவை.

படி 2: தண்ணீர்

தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில், கழிவிலிருந்து உருவாகும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்ட வேண்டும். வாரத்துக்கு 25 முதல் 30 சதவீதம் தண்ணீரை மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கட்டாயம். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள், அதில் வாழும் நல்ல பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள்.

படி 3: வலையை ஓரமாக வையுங்கள்

கோரியின் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும் முன்னால் ஒரு முள் உண்டு. பயந்தால் அதை விறைப்பாக நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். ஒருமுறை என் மீன் அப்படியே வலையில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் துடுப்பு கிழியும். கடைசியில் நகம் வெட்டும் கத்தரியால் வலையைத்தான் வெட்டினேன், ஒவ்வொரு இழையாக. அன்றிலிருந்து பிளாஸ்டிக் டப்பாதான். டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து மீனை மெதுவாக ஓட்டினால் தானே உள்ளே போய்விடும்.

படி 4: கூட்டாளிகள்

டைகர் பார்ப் மீனுக்கு அடுத்தவர் துடுப்பைக் கடிக்கிற பழக்கம் உண்டு, சேர்க்காதீர்கள். கோரியை ஆறாகவாவது வளர்க்க வேண்டும். தனியாக இருந்தால் பயந்து ஒடுங்கும். தீனி அடியில் மூழ்கும் வகையாக இருக்கட்டும், விளக்கை அணைத்த பிறகு போடுங்கள். மேலே மிதக்கும் தீனியின் மிச்சத்தை கோரி தின்று உயிர் வாழும் என்பது வெறும் நம்பிக்கை.

படி 5: ஏற்கெனவே பிய்ந்திருந்தால்

சரி, கடியா, அழுகலா? கடிபட்ட இடம் துண்டு போனதுபோல் சுத்தமாக இருக்கும். அழுகல் என்றால் ஓரம் வெளுத்து, இழை இழையாகத் தொங்கும். சில சமயம் சிவப்புக் கோடும் தெரியும். எதுவானாலும் ஒரு வாரம் தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். ஆரம்ப நிலை அழுகல் பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும்.

கல் உப்பைக் கைப்பிடி அள்ளிப் போடுகிற வழக்கம் கோரியிடம் செல்லாது. மற்ற பல மீன்களைவிட உப்பைத் தாங்கும் சக்தி இதற்குக் குறைவு. தாமிரம் கலந்த மருந்தும் ஆபத்து. அழுகல் துடுப்பின் அடிவரை இறங்கினால் மட்டும் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, பாக்டீரியாவுக்கான மருந்தை அட்டையில் உள்ள அளவுப்படி கொடுங்கள்.

அப்புறம், டார்ச் அடித்துத் துடுப்பின் ஓரத்தைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி நிறமில்லாத ஒரு மெல்லிய விளிம்பு தெரிந்தால், புதுத் துடுப்பு முளைக்கிறது. நிறம் பிறகு வரும்.