மீனின் நீளம்–எடை: புராஜெக்ட்டுக்கு அளவெடுப்பது எப்படி?

மீன்வளப் பட்டப்படிப்பில் நீளம்–எடைத் தொடர்பைப் புராஜெக்ட்டாக எடுப்பவர்கள் கணக்கைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள். கணக்கை எக்செல் நொடியில் முடித்துவிடும். ஏலக்கூடத்தில் தப்பாகப் பொறுக்கிய மீனை அது திருத்தித் தராது.

முதலில் காலண்டரைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இழுவலை மீனை மட்டும் நம்பினால் அந்த 61 நாளும் தாள் காலியாகவே இருக்கும். நாட்டுப்படகின் செவுள்வலை மீன் கிடைக்கும்தான். ஆனால் வலைக்கண்ணுக்கு ஏற்ற ஒரே அளவு மீன்தான் அதில் அதிகம் சிக்கும். எந்த வலையில் பிடித்தது என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

தரம் பிரிக்கும் முன்பே மீனை எடுத்துவிட வேண்டும். பிரித்தபின் பெரியவை ஒரு குவியலாகிவிடும், குஞ்சுகள் கழிசலோடு போய்விடும். ஒரே குவியலில் எடுத்தால் நீள வீச்சு குறுகி, கடைசியில் கணக்கில் வரும் சரிவு மதிப்பு (கீழே சூத்திரத்தில் உள்ள ‘ஆ’) கண்டபடி வரும்.

இனி அளவுப்பலகை. மீனை இடப்பக்கம் தெரியும்படி கிடத்தி, வாயை மூடி, மூக்கு நுனி பூஜ்யக் கட்டையைத் தொடும்வரை தள்ளுங்கள். வாய் திறந்திருந்தால் சில மில்லிமீட்டர் கூடிவிடும். மொத்த நீளமா, வால் கவை (வால் இரண்டாகப் பிரியும் பள்ளம்) வரையிலா என்பதை முதல் நாளே முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். கானாங்கெளுத்திக்குக் கவை நீளமே நல்லது. பெட்டியில் உரசி வால் நுனி பிய்ந்திருக்கும்.

எடை போடுமுன் துணியால் ஒற்றி, செவுளில் தங்கிய ஐஸ் தண்ணீரை வடித்துவிடுங்கள். 5 கிராம் குஞ்சை 1 கிராம் துல்லியத் தராசில் போட்டால் 10 சதவீதம்வரை பிழை வரலாம். 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். புது மீனையும் ஃப்ரீசரில் வைத்த மீனையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். உறைந்த மீன் சுருங்கும், நீரும் இழக்கும். வயிற்றைக் கீறி ஆணா பெண்ணா, சினை எந்த நிலையில் என்றும் எழுதுங்கள். சினை முற்றிய பெண் மீன் அதே நீளத்து ஆணைவிடக் கனமாக இருக்கலாம்.

சூத்திரம் இது: எடை = அ × நீளம்^ஆ. ‘அ’, ‘ஆ’ இரண்டும் நாம் கண்டுபிடிக்க வேண்டிய மாறிலிகள். எடைக்கும் நீளத்துக்கும் 10 அடிமான மடக்கை (log) எடுத்து நேர்கோடு பொருத்தினால் சரிவுதான் ‘ஆ’. பொருத்துமுன் புள்ளிகளை வரைந்து பாருங்கள், 21.3-ஐ 12.3 என்று தட்டியிருந்தால் அந்தப் புள்ளி தனியே நிற்கும். ‘ஆ’ வழக்கமாக 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்கும். வெளியே போனால் பெரும்பாலும் மாதிரியில்தான் கோளாறு.

கோட்டின் வெட்டு (எடை அச்சைக் கோடு வெட்டும் மதிப்பு, intercept) ‘அ’ அல்ல, ‘அ’-வின் மடக்கை. உதாரணமாக ‘ஆ’ 3, வெட்டு −1.949 என்றால் ‘அ’ சுமார் 0.01125, 20 செ.மீ. மீன் 90 கிராம் வரும். எதிர்மடக்கை எடுக்காமல் போட்டால் எடை மைனஸில் வரும். அப்படியே வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) கொண்டுபோகிறவர்களும் உண்டு.