அவசரப் பணத்துக்கு வீட்டுப் பொருளை விற்கும்போது செய்யக்கூடாதவை

திடீரென்று பணம் வேண்டும் என்றதும் நம்மில் பலருடைய கை முதலில் நகைப் பெட்டிக்குத்தான் போகிறது. இங்கே சிங்கப்பூரில், சிராங்கூன் சாலை நகைக்கடைகளுக்குப் போனால் சீக்கிரமே ரொக்கம் கிடைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நான் பார்த்த தவறுகளிலேயே அதிக நஷ்டம் தருவது இதுதான்.

நகையை வாங்கும்போது தங்கத்தின் விலையோடு செய்கூலியும் கொடுத்திருப்போம். அதற்கு மேல் பொருள், சேவை வரி. 2024 முதல் அது 9 விழுக்காடு. விற்கும்போது இவை திரும்பி வராது. கல்லின் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் விலை போடுவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் பணம் வந்துவிடும் என்று நிச்சயமாகத் தெரிந்தால், விற்காதீர்கள். உரிமம் பெற்ற அடகுக்கடையில் வையுங்கள். மாத வட்டி 1.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். 1,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மாதம் 15 வெள்ளிக்கு மேல் போகாது. மீட்க ஆறு மாதத் தவணை உண்டு. அம்மா போட்டு அனுப்பிய சங்கிலி நம்மிடமே திரும்பி வரும். சீட்டைப் பத்திரப்படுத்தி, தவணை முடியும் தேதியைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்க வழியே இல்லையென்றால் விற்கத்தான் வேண்டும். அப்போதும் முதல் கடையிலேயே கொடுத்துவிட வேண்டாம். 'இன்றைக்கு 916 தங்கம் (22 காரட்) ஒரு கிராம் என்ன விலைக்கு எடுக்கிறீர்கள்?' என்று நகையைக் கையில் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். மூன்று கடை ஏறி இறங்கினால் வித்தியாசம் தெரியும்.

அடுத்த தவறு, பொருளைத் தவறான இடத்தில் விற்பது. பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும்போது பழைய பேப்பரோடு பித்தளைச் சாமான்களையும் போட்டுவிடுகிறோம். எங்கள் வீட்டுக் குத்துவிளக்கு ஒன்றை நானே அப்படி எடைக்குப் போட்டேன். நினைத்தால் இன்னும் மனம் வலிக்கிறது. அவர் அதற்கு உலோக விலைதான் தருவார். அதே விளக்கை, புதுமனை புகும் ஒரு குடும்பம் விளக்காகவே வாங்கிக்கொள்ளும்.

மாவரைக்கும் கிரைண்டரும் அப்படித்தான். பழைய பொருள் விற்கும் கேரோசல் செயலியில் 'கிச்சன் மெஷின்' என்று போட்டால் யாரும் சீண்டமாட்டார்கள். உங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவிலோ கோயில் நண்பர்களிடமோ சொல்லிப் பாருங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பம் யாராவது தேடிக்கொண்டிருக்கும். எத்தனை லிட்டர், கல் தேய்ந்திருக்கிறதா, பிளக் இந்தியாவின் உருண்டை முனையா இங்குள்ள சதுர முனையா என்று எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறையை மறைத்தால், வீடு வரை வந்தவர் பாதி விலைக்குக் கேட்பார். 'அவசரம், உடனே பணம் தேவை' என்று எழுதுவதும் அதே பலனைத்தான் தரும்.

சோபா, அலமாரியில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். லாரிக்கூலியே விலையைத் தின்றுவிடும். வாங்க வருபவருக்காக அவற்றை அடுக்குமாடியின் பொதுத் தாழ்வாரத்தில் இறக்கி வைக்கவும் கூடாது. தீ விபத்தின்போது வெளியேற 1.2 மீட்டர் வழி இருக்க வேண்டும்.

பணம் வாங்கும் நேரத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பொருளைப் பார்க்காமலேயே 'எடுத்துக்கொள்கிறேன்' என்பார் ஒருவர். பிறகு, 'பணம் அனுப்பிவிட்டேன், இந்த இணைப்பை அழுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று செய்தி வரும். அதில் வங்கி விவரத்தையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் போட்டால் உங்கள் கணக்கு காலியாகிவிடும். வங்கிகளின் உடனடிப் பணப்பரிமாற்றச் சேவையான பேநவ் வழியாகப் பணம் பெறக் கைப்பேசி எண் போதும். கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொருளைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, பணம் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள். அவர் அவசரப்படுத்தினால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நேரில் சந்திக்கலாம் என்று சொல்லுங்கள். மோசடிக்காரர் வரமாட்டார்.

பணமுடை என்று தெரிந்தால் வேறொரு வகைச் செய்தியும் தேடி வரும்: உங்கள் வங்கிக் கணக்கை, சிங்பாஸை (அரசின் மின்னடையாளக் கணக்கு), சிம் அட்டையை 'வாடகைக்கு' எடுத்துக்கொள்கிறோம், சில நூறு வெள்ளி தருகிறோம் என்று. இவற்றைக் கைமாற்றுவது சிங்கப்பூரில் சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம். பதில் எழுதாமல் எண்ணைத் தடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணில் கேட்கலாம்.