கத்தோலிக்கச் சிறுவர் விடுதியில் விசுவாசமும் உறவும்: பொறுப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சலேசிய சபையினர் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்து ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றைப் பொறுப்பேற்றனர். தவறு செய்தபின் தண்டிப்பதைவிட, உடனிருந்து தவறு நேராமல் காப்பதே கல்வி என்னும், அச்சபையை நிறுவிய இத்தாலியக் குரு தொன் போஸ்கோவின் வழி அவர்களோடு தமிழகத்துக்கு வந்தது. அறிவு, சமயம், கனிவு ஆகிய மூன்றையும் தூண்களாக வைத்து 1877-இல் அவர் விளக்கிய அந்த முறையை இன்றும் பல விடுதிகள் தம் வழியென்று சொல்கின்றன; ஆயினும் அன்றாட நடைமுறையில் அதற்கு நேர்மாறான பழக்கங்கள் நல்லெண்ணத்தோடே நுழைந்துவிடுகின்றன.

அவற்றில் முதலாவது, பூசைக்கு வந்த தலைகளை எண்ணி விசுவாசத்தை அளப்பது. விடியற்காலை மணிக்கு எழாமல் தாமதமாக வந்த ஆறாம் வகுப்புச் சிறுவனைக் கோவில் வாசலில் முட்டிபோட வைக்கிறோம். படிப்பு நேரத்தில் பேசியவனுக்குக் கூடுதலாக ஒரு செபமாலை சொல்லும்படி தண்டனை தருகிறோம். முழந்தாளிடுவது கடவுள் முன் மனிதன் தானாக எடுக்கும் நிலை. அதையே தண்டனையாகக் கற்றுக்கொண்ட சிறுவன், விடுதியை விட்டு வெளியேறும் நாளில் செபத்தையும் சேர்த்தே விட்டுச் செல்வான் என்று அஞ்சுகிறேன். பாவசங்கீர்த்தனம், நற்கருணை போன்ற அருளடையாளங்களைப் பெறும்படி சிறுவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது, வாய்ப்பைத் தந்து ஊக்கப்படுத்தினால் போதும் என்று தொன் போஸ்கோவே தெளிவாக எழுதியிருக்கிறார். ஞாயிறு திருப்பலியும் சுருக்கமான மாலைச் செபமும் கத்தோலிக்கச் சிறுவர் அனைவருக்கும் பொதுவாக இருக்கட்டும். வாரநாள் பூசைக்கு விருப்பமுள்ளவன் வரட்டும். வாசகம் வாசிக்க, பாடகர் குழுவில் சேர, பீடப்பணி செய்யச் சிறுவர்களைப் பெயர் சொல்லி அழைத்தால், தூக்கக் கண்ணோடு வந்தவனும் அந்த வழிபாட்டைத் தன்னுடையதாக உணரத் தொடங்குவான்.

பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருளடையாளத்தில் நேரும் தவறு இன்னும் நுட்பமானது. பல விடுதிகளில் இயக்குநரே அங்குள்ள ஒரே குரு. எனவே சனிக்கிழமை மாலை அவரே பாவசங்கீர்த்தனம் கேட்க அமர்கிறார். வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் உள்ளவரிடம் எந்தச் சிறுவன் மனம் திறப்பான்? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 985-ஆம் விதி இதை முன்பே உணர்ந்திருக்கிறது: கல்வி நிறுவனத்தின் தலைவர், அதே இல்லத்தில் தங்கும் மாணவர்கள் குறிப்பிட்ட சூழலில் தாமாகக் கேட்டாலொழிய அவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கலாகாது. பக்கத்துப் பங்கிலிருந்து மாதம் இருமுறையாவது வேறொரு குருவை வரவழைப்பது பெரிய சிரமமல்ல.

எல்லாவற்றிலும் அதிகச் சேதம் விளைவிப்பது, பெரியவர்கள் விளையாட்டுத் திடலை விட்டு விலகிக்கொள்வதே என்பது என் உறுதியான கருத்து. 1884 மே 10 என்று தேதியிட்டு ரோமிலிருந்து எழுதிய கடிதத்தில், தொன் போஸ்கோ தாம் கண்ட ஒரு கனவைச் சொல்கிறார். பழைய நாள்களின் முற்றத்தில் சிறுவர்களும் குருக்களும் ஒன்றாக ஓடியாடிச் சிரிக்கிறார்கள். இப்போதைய முற்றத்தில் சிறுவர்கள் சோர்ந்து தூணோரம் நிற்க, பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். சிறுவர்களை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதே அக்கடிதத்தின் சாரம். நம் விடுதிகளிலும் மாலை விளையாட்டு நேரத்தில் ஃபாதர் கணக்கு நோட்டோடு அலுவலகத்தில் இருக்கிறார், பிரதர் விசிலோடு ஓரமாக நிற்கிறார். அப்போது பெரிய பையன்கள் திடலைப் பிடித்துக்கொள்ள, எந்த அணியிலும் சேர்க்கப்படாத நான்கைந்து சிறுவர்கள் சுவரோரம் ஒதுங்குகிறார்கள். இந்த இடம் நம்முடையதா இல்லையா என்பதை ஒரு சிறுவன் அந்த ஒரு மணி நேரத்தில்தான் முடிவு செய்கிறான். அதை அலுவலகத்தில் அமர்ந்திருப்பவரால் பார்க்க இயலாது.

ஜூன் மாதத்தில் புதிதாக வந்தவர்கள் அழுவார்கள். முதல் மாதம் வீட்டோடு பேசவிடாவிட்டால் பழகிவிடுவான் என்று நினைப்பதும், படுக்கையை நனைத்தவனைக் காலையில் எல்லார் முன்னும் அழைப்பதும் கொடுமை. 1856-இல் தொன் போஸ்கோவின் மாணவர் தோமினிக் சாவியோ தம் தோழர்களோடு தொடங்கிய அமல அன்னையின் சபையில், புதியவர்களையும் ஒதுங்கி நின்றவர்களையும் கவனித்துக்கொள்வதைச் சிறுவர்களே தங்கள் கடமையாக ஏற்றார்கள். அப்போது சாவியோவுக்கு வயது 14. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் புதியவனுக்குத் துணையாக வைப்பது இன்றும் பலன் தரும். ஆனால் துணையாக இருப்பதற்கும் லீடர் என்று பிரம்பைக் கையில் கொடுப்பதற்கும் உள்ள இடைவெளி பெரியது. அடியோ பாலியல் சீண்டலோ நடந்ததாக ஒரு சிறுவன் சொன்னால், விடுதியின் நற்பெயரைக் கருதி உள்ளேயே பேசி முடிப்பது மிகப் பெரிய தவறு. பாலியல் குற்றமாயின் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பதும் குற்றம். 1098 என்னும் சிறுவர் உதவி எண் சிறுவர் கண்ணில் படும் இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பிற சமயச் சிறுவர்களைச் செபத்துக்குக் கட்டாயப்படுத்துவதும், அந்த நேரத்தில் அவர்களைப் படிப்பறையில் சும்மா உட்கார வைப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோரின் ஒப்புதலின்றிச் சிறுவரை வழிபாட்டில் பங்குகொள்ளச் செய்ய முடியாது என்று அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவு கூறுகிறது. அந்த நேரத்தில் அவர்களுக்கென ஓர் ஆசிரியர் உடனிருந்து உரையாட வேண்டும்.

உதவித்தொகைப் பட்டியலை உணவறையில் உரக்க வாசிப்பதையும் நிறுத்த வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. எனவே ஒரே தெருவிலிருந்து வந்த இரு சிறுவர்களில் இந்துச் சிறுவன் ஒரு பட்டியலிலும் கத்தோலிக்கச் சிறுவன் வேறொரு பட்டியலிலும் வருகிறார்கள். அவ்வாறு வாசிக்கும்போது சாதியும் சமயமும் சேர்ந்தே சபையில் அறிவிக்கப்படுகின்றன. தனித்தனியே அழைத்துக் கையெழுத்து வாங்கினால் போதும்.

இறுதியாக, சிறுவர்கள் உறங்கச் செல்லும் முன் சொல்லப்படும் ‘குட் நைட்’ சிற்றுரை. இரண்டு மூன்று நிமிடங்களைத் தாண்டலாகாது என்று தொன் போஸ்கோ வரையறுத்த இந்த உரை, பல இடங்களில் அன்றைய குற்றப் பட்டியலாகவும் நாளைய எச்சரிக்கையாகவும் நீண்டுவிடுகிறது. கண்டிக்க வேண்டியவனை மறுநாள் தனியே அழைத்துப் பேசலாம். அன்று திடலில் கண்ட ஒரு நல்ல செயலை, யாருக்கோ தண்ணீர் மொண்டு கொடுத்த ஒரு கையை, நினைவுபடுத்தி ஆசீர் தந்து விளக்கை அணைக்கலாம்.