கண்காட்சி பார்க்கத் திருகோணமலைக்குப் போகிறவர்களுக்கு

ஊருக்கு என்ன கொண்டுபோவது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. சொக்லேட்டும் கோடாலித் தைலமும் எவ்வளவு வாங்கினாலும் கடைசியில் ஒரு வீட்டுக்குக் குறையத்தான் போகிறது. நான் எழுத வந்தது வேறொன்று. திருகோணமலையில் ஓர் ஓவியக் கண்காட்சியையோ நூல் வெளியீட்டையோ கூத்தையோ பார்ப்பதற்கென்றே நாள் பார்த்து டிக்கெட் போடுகிறவராக இருந்தால், உறவினர் வீட்டுப் படலையைத் திறப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். படலை திறந்த பிறகு எந்த நாளும் உங்களுடையதல்ல.

போன ஓகஸ்ட்டில் ஊரில் மூன்று நாள் ஓவியக் கண்காட்சி. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவனுடைய படங்களும் அதில் உண்டு. ரொறன்ரோவில் விடுப்புக்கு ஆறு மாதம் முன்பே சொல்லிவைத்துப் போனேன். அந்த மூன்று நாட்களையும் ஒரு கந்தோரின் வாங்கில் கழித்தேன்.

காரணம் ஒரு ழகரம். அப்பாவின் பங்குக் காணிக்கு நான் கையெழுத்து வைத்தால்தான் சித்தியின் மகன் வங்கியில் கடன் எடுத்துக் கூரை மாற்றலாம். பத்து நிமிட வேலை என்றார் சித்தி. கந்தோரில் இருந்தவர் எனது கடவுச்சீட்டையும் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலின் பின்முனையால் எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டு போனார். என் பெயரில் வரும் ழகரத்தைக் கடவுச்சீட்டு ஒரு விதமாகவும் மொழிபெயர்ப்பு வேறு விதமாகவும் எழுதியிருந்தன. போதாததற்கு ஒன்றில் அப்பாவின் பெயர் முன்னால், மற்றதில் பின்னால். பென்சில் நின்றது. "இவர்கள் இரண்டு பேர்" என்றார். நான் ஒருவன்தான் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வரச் சொன்னார். அதில் ஒப்பமிட வேண்டிய சமாதான நீதவான் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் கடதாசி கிடைத்தது. ஒப்பமிட வேண்டிய அதிகாரி விடுப்பில். மூன்றாம் நாள் அதிகாரி வந்தார். பிரதி எடுக்கும் இயந்திரத்துக்கு மின்சாரம் இல்லை. வீதிக்கு எதிர்ப்புறக் கடையில் மின்பிறப்பாக்கி வைத்து ஒரு பையன் பிரதி எடுத்துக்கொடுத்து நன்றாகச் சம்பாதித்தான். ஆகவே வழிகாட்டி என்ற முறையில் சொல்கிறேன்: பெயரில் ழகரம் உள்ளவர்கள் சத்தியக் கடதாசியை முதல் நாளே முடித்துவிடுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் அரசு அலுவலகங்கள் பூட்டியிருக்கும். நாட்காட்டியில் முழுநிலவைப் பார்த்துவிட்டுப் பயணத்தைத் திட்டமிடுங்கள்.

அந்த மூன்று நாளும் சித்தி குடையோடும் இடியப்பப் பொதியோடும் எனக்குப் பக்கத்தில் இருந்தார். நான் நேரம் பார்க்கும்போதெல்லாம் பொதியை அவிழ்த்துச் சாப்பிடச் சொன்னார். எனது ஒரு கையெழுத்துக்காக அவர் பதினொரு மழைக்காலம் வாளி வைத்து ஒழுக்கு ஏந்தியிருக்கிறார் என்பதை நான் மூன்றாம் நாள்தான் அறிந்தேன். அதையும் அவர் சொல்லவில்லை. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற அயல்வீட்டுக்காரர் சொன்னார்.

சரி, கண்காட்சிக்கு வருவோம். இங்கே கலைநிகழ்ச்சிச் செய்தி அனேகமாகச் சுவரொட்டியிலும் வட்சப்பிலும்தான் வரும். ஒரு கிழமைக்கு முன் தெரிந்தால் அது அதிர்ஷ்டம். சுவரொட்டியையும் காலையிலேயே பார்த்துவிடுங்கள். கோட்டையிலும் நகரத்திலும் திரியும் புள்ளிமான்கள் பசை காயும் முன்பே வந்து நக்கிவிடும். நான் சிறுவனாக இருந்தபோது மான் பார்ப்பதற்குக் கோட்டைக்குப் போக வேண்டும். இப்போது பஸ் நிலையமே போதும். தொடக்க விழாவைத் தவிருங்கள். பிரதம விருந்தினர் வரும்வரை குத்துவிளக்கின் திரி காத்திருக்கும், பிறகு உரைகள், பிறகு பொன்னாடைகள்; படங்களின் பக்கம் திரும்ப ஒருவருக்கும் நேரம் இராது. இரண்டாம் நாள் காலை பத்து மணி நல்லது. ஓவியரே கதிரையில் தனியாக இருப்பார், பேசலாம். மாதத்தையும் பாருங்கள்: சித்திரை முதல் புரட்டாதி வரை கடலும் வானமும் உங்களோடு ஒத்துழைக்கும், கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை ஓட்டோவைக்கூட நகரவிடாது.

கண்காட்சி அமையாவிட்டால் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். டச்சுக் கடற்படை ஆணையாளரின் பழைய மாளிகையில் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் இந்த ஊரின் மிகச் சிறந்த சிற்பங்கள் அருங்காட்சியகத்துக்குள் இல்லை. 1950இல் நகரசபையினர் கிணறு வெட்டியபோது கோணேசர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் என்று செப்புத் திருமேனிகள் வந்தன. வேறோர் ஊராயின் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருக்கும். இங்கே ஊர்வலமாக எடுத்துச்சென்று, 1963இல் குடமுழுக்குக் கண்ட கோயிலில் வைத்தார்கள். எண்ணெயும் பூவும் பட்டு, பட்டாடைக்குள் பாதி மறைந்து நிற்கின்றன. கலை பார்க்கப் போகிறவருக்கு இது எரிச்சல்தான். எனக்கும் இருபது வயதில் எரிச்சலாகவே இருந்தது. இப்போது இல்லை.

கோயிலுக்கு ஏறும் வழியில் பிரெட்ரிக் கோட்டை வாசலைக் கடக்கும்போது ஓட்டோவை நிறுத்தச் சொல்லுங்கள். 1622இல் போர்த்துக்கீசர் இடித்த பழைய கோயிலின் கற்கள் அந்தக் கோட்டையைக் கட்டப் போயின என்பார்கள். வாசல் கல்லில் மீன் சின்னமும், குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கீசன், பிரிப்பான் என்ற பாட்டின் சிதைந்த வரிகளும் இருக்கின்றன. கட்டணம் இல்லை. உள்ளே இராணுவம் இருப்பதால் படம் எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் நாலரை மணிக்கு மண்டபத்துக்கு ஓடினேன். இரண்டு பையன்கள் படங்களைக் கழற்றிப் பழுப்புத் தாளில் சுற்றிச் சணலால் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஆணிகளும், ஒவ்வோர் ஆணிக்கும் கீழே பென்சிலால் எழுதிய இலக்கமும் மட்டும். 17ஆம் இலக்கத்தின் ஆணி இறுகிப்போனதால் அந்தப் படம் மாத்திரம் இன்னும் தொங்கியது. நாங்கள் படித்த காலத்து மூதூர் லோஞ்ச் படகுகளின் இறங்குதுறை. தண்ணீரை நீலமாகப் போடாமல், அந்த இடத்தில் அது உண்மையில் இருக்கும் கரும்பச்சையாகப் போட்டிருந்தான். அவன் எங்கே என்று கேட்டேன். "மத்தியானம் வரை ஒருவர் வருவாரென்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார், ஐயா" என்றான் ஒரு பையன். எனக்கு அந்த "ஐயா" பிடிக்கவில்லை.

படத்தை வாங்கலாமா என்றேன். விற்றாகிவிட்டதாம்.

சித்தி போன கிழமை இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். ஒன்றில் புதுக் கூரைத் தகடு வெயிலில் மின்னுகிறது. மற்றது, கடைச் சுவரில் ஒட்டியிருந்த ஓவியக் கண்காட்சிச் சுவரொட்டி. 'உனக்கென்று எடுத்தேன்' என்று கீழே எழுதியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். கண்காட்சியின் பெயர் இருக்கிறது, பிரதம விருந்தினரின் படம் இருக்கிறது. திகதி இருந்த கீழ்ப்பாகத்தை மான் தின்றுவிட்டது.